நட்சத்திரம் இல்லாமல் ஒரு கோப்பை



கூடைப்பந்து ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். சூப்பர் ஸ்டார் இல்லாத அணி சாம்பியன் ஆக முடியுமா? ‘ஆளைவிட அணிதான் பெரிது’ என்று சொல்லிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். அமெரிக்காவின் என்.பி.ஏ. வரலாறோ அதற்கு அவ்வளவு சுலபமாகத் தலையாட்டாது.

காரணம் ஆட்டத்தின் கணக்கிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனும் அவுட்டானால் பெவிலியனில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கூடைப்பந்தில் களத்தில் இருப்பதே ஐந்து பேர். 48 நிமிட ஆட்டத்தில் நட்சத்திர வீரர் 40 நிமிடம்கூட நிற்பார். பந்து போடவும் அவர்தான், தடுக்கவும் அவர்தான். போதாக்குறைக்கு இறுதிச்சுற்று ஏழு ஆட்டத் தொடர். ஒருநாள் அதிர்ஷ்டத்தை நம்பிப் பிழைக்க முடியாது. பில் ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 பட்டம் வென்றதும், மைக்கேல் ஜோர்டானை வைத்துச் சிகாகோ 6 கோப்பைகளை அள்ளியதும் சும்மா நடந்ததல்ல.

‘அப்படியானால் 2004?’ என்று ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஆண்டு இறுதிச்சுற்றில் லேக்கர்ஸ் பக்கம் ‘ஷாக்’ என்கிற ஷகீல் ஓ’நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன். எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 1996 டிராஃப்டில் பென் வாலஸை ஒரு அணியும் சீண்டவில்லை. சான்சி பில்லப்ஸ் ஊர் ஊராக அணி மாறி 2002-ல் வந்து சேர்ந்தவர். ரிச்சர்ட் ஹாமில்டன், வாஷிங்டன் கைமாற்றிவிட்டவர். ரஷீத் வாலஸ் பருவத்தின் நடுவில்தான் வந்தார். அந்தப் பருவத்தில் இவர்களில் ஒருவர்கூடச் சராசரி 20 புள்ளியைத் தொடவில்லை.

பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் லாரி பிரவுன் போட்ட கணக்கு துணிச்சலானது. ஷாக்கை மடக்க இரண்டு பேரை அனுப்பினால் இன்னொருவர் காலியாக நிற்பார். அதனால் ஷாக்கைப் பெரும்பாலும் பென் வாலஸ் தனியாகவே முட்டிக்கொண்டு நின்றார். ஷாக் போடட்டும், மற்றவர்கள் போடக் கூடாது! கோபியின் முகத்துக்கு நேரே இன்னொரு பிஸ்டன்ஸ் வீரர் டெய்ஷான் பிரின்ஸின் நீளக் கைகள். ஷாக் ஆட்டத்துக்கு 26 புள்ளிக்கு மேல் எடுத்தும் பயனில்லை. மூன்றாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது மொத்தமே 68. தொடரை பிஸ்டன்ஸ் 4-1 என்று வென்றது.

அந்த ஒரு ‘1’ எப்படி வந்தது என்றும் பாருங்கள். இரண்டாம் ஆட்டத்தில் 2.1 விநாடி மிச்சம் இருக்கையில் கோபி தூரத்திலிருந்து மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் வென்றது. நட்சத்திரத்துக்குச் சம்பளம் கொடுப்பது அந்த ஒரு எறிதலுக்காகத்தான்.

பிஸ்டன்ஸிடம் அப்படி ஒருவர் இல்லை. அதனால் ஐந்து பேரும் ஒரே இரவில் நன்றாக ஆடியாக வேண்டும். 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை கிழக்குப் பிரிவு இறுதிக்கு வந்தார்கள். கோப்பை ஒன்றே ஒன்றுதான். 2005 இறுதிச்சுற்றில் டிம் டங்கனின் சான் அன்டோனியோ அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள்.

ஆக, நட்சத்திரம் இல்லாமலும் ஜெயிக்கலாம். ஆனால் அது மலிவான வழி என்று மட்டும் எந்த நிர்வாகியும் நினைத்துவிடக் கூடாது. ஒருவரைத் தேடும் இடத்தில் ஐந்து பேரைத் தேட வேண்டும். அந்த ஐவருமே தடுப்பாட்டத்துக்கு உடம்பை வருத்திக்கொள்ளச் சம்மதிக்கவும் வேண்டும்.

உங்கள் கட்சி எது? எழுதுங்கள். 2014-ல் கோப்பை வென்ற சான் அன்டோனியோவைக் காட்டி மடக்க நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை: அந்த அணியிலும் டங்கன் இருந்தார்!

அன்புடன்,
ஆசிரியர்