தேனீயும் பிள்ளையும்

தேனீக்கள் அற்றுப்போன உலகில் பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பவர் யார்? ஏழை வீட்டுப் பிள்ளைகள்! பிரென் மக்டிபிள் அம்மையாரின் 'ஹவ் டு பீ' என்னும் சிறுவர் புதினம் தரும் விடை இது. 2017-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்து, மறு ஆண்டே அந்நாட்டுச் சிறுவர் நூல் மன்றத்தின் விருதைப் பெற்ற ஏடு. ஒன்பது வயதுப் பியோனியின் பேரவா, பழமரம் ஏறிப் பூக்களுக்கு மகரந்தம் தடவும் 'தேனீ'யாக வேண்டும் என்பதே. பள்ளியில் இருக்கவேண்டிய குழந்தை, கிளையிலே!

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியாது. சீனத்துச் சிச்சுவான் மாநிலத்தின் ஹான்யுவான் வட்டாரத்தில், பேரி மரங்களின் பூக்களுக்கு மனிதரே மகரந்தம் தடவிய செய்தியை உலகம் அறியும்.

இத்தகைய நூல் நைனார்பாளையத்துப் பள்ளிக்கும் வேண்டும். எளிய தமிழில் வேண்டும். ஆனால், 'தேனீயைக் காப்போம்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மணியடித்துவிட்டால் அது பாடமாகாது. பூசணிப் பாத்தியருகே பாடம் நடக்கட்டும். மறுநாள் விரியவிருக்கும் பெண்பூக்களில் ஒன்றை மாலையிலேயே துணிப்பையால் மூடுங்கள். மற்றொன்றைத் திறந்து விடுங்கள். மூடிய பூ பிஞ்சோடு வெம்பி உதிரும். தேனீ தொட்டது காயாகும். மக்காச்சோளத்துக்குக் காற்றே போதும், பூசணிக்கும் பாகலுக்கும் தேனீ வேண்டும் என்பதைப் பிள்ளை கண்ணாலேயே காணும்.

அடுத்து அப்பிள்ளை கேட்கும்: "தேனீயைக் கொல்வது யார்?" மருந்தடிக்கும் உன் தகப்பன் என்று விரல் நீட்டும் பாடம், பாதிப் பாடம், பழிபோடும் பாடம்! பருத்தியைப் பூச்சி தின்றால் கடனை அடைப்பது எப்படி என்று கலங்கும் உழவனுக்கு, பல ஊர்களில் கடைக்காரரே ஆலோசகர். இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நஞ்சுகளைத் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. இங்கே இமிடாகுளோபிரிட் இன்றும் கடைச்சரக்கு. குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் உழவரா, விற்க உரிமம் அளிப்போரா?

நோயால் மடிந்த தேனீக்களும் உண்டே என்பர். உண்மை. 1990-களின் தொடக்கத்தில் தென்னாட்டுப் பெட்டித் தேனீக்களை நச்சுயிரி நோய் சூறையாடியது. நோய் உண்டென்பதால் நஞ்சு நல்லதாகிவிடுமா?

அருகிருக்கும் கல்வராயன் மலையை எண்ணுங்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. தேனெடுக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர்க்கு ஏட்டில் அளித்தது. தேனீயே இல்லையேல் அவ்வுரிமை வெறுங்கூடு!

ஆகவே கேட்கிறோம்: பள்ளிதோறும் இத்தகைய நூல்கள், ஊர்தோறும் கடைக்காரருக்கு முன்பே வயலுக்கு வரும் வேளாண் அலுவலர், தேனீ கூடு திரும்பிய மாலைவேளையில் மட்டுமே மருந்து தெளிக்கும் ஒழுங்கு, தேனீக்கொல்லி நஞ்சுகளுக்குத் தடை. இவற்றை இன்று செய்ய மறுத்தால், நாளை மரமேறப் போவது மாளிகைப் பிள்ளைகள் அல்லர், நம் பிள்ளைகளே!