இருட்டில் இறங்கிய கதை

"இரவு நேரத்தில் கடலுக்குள் இறங்கினீராமே, அச்சமாக இல்லையா?" என்று சங்கத்து அன்பர்கள் சிலர் நேரில் கண்டபோது கேட்டனர். அச்சம் இருந்தது, நிரம்பவே இருந்தது. ஆகவே வழக்கமான இரயில் செய்திகளை இத்திங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு அதனையே எழுதுகிறோம்.

தங்க வயலில் பிறந்தவனுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். மாரிக்குப்பத்தில் வண்டி ஏறினால் நாம் போய்ச் சேருவது பெங்களூர். நாம் நீச்சல் கற்றதோ குடியாத்தத்துக்கு அருகே அம்மான் ஊர்க் கிணற்றில். பெங்களூரில் பணி புரியும் எம் தம்பிதான் இந்த ஆசையை மூட்டியவன். இருவரும் புதுச்சேரியில் முதற்பயிற்சி முடித்துச் சான்று பெற்றோம். சென்ற தை மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தமானில் சுவராஜ் தீவுக்குச் சென்றோம். 2018ஆம் ஆண்டு வரை ஹாவ்லக் என்று வழங்கிய தீவு அது. பகலில் நான்கு முறை மூழ்கினோம், இன்பமாகவே இருந்தது. "ஐந்தாவது, இரவில்" என்று பயிற்றுநர் சொன்னதும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

மீனுக்கோ சுறாவுக்கோ அன்று நாம் அஞ்சவில்லை. மேல் எது கீழ் எது என்று தெரியாத கருமையில், வாயில் கவ்விய ஒரு குழாயை நம்பி மூச்சு விட வேண்டுமே என்பதுதான் அச்சம். தம்பியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே ஊரிலிருக்கும் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

எம் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். 1976இல், இருபது வயதில் உள்ளே இறங்கியவர், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை இறங்கிக்கொண்டே இருந்தார். அச்சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். ஒரே கூண்டில் அடிவரை செல்ல இயலாது. ஒரு கேஜில் இறங்கி, நடந்து, இன்னொரு கேஜில் ஏற வேண்டும். அடித்தட்டில் பாறையைத் தொட்டால் கை சுடும். எந்நேரமும் பாறை வெடித்துச் சிதறக்கூடும். இவற்றையெல்லாம் அவர் நமக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் நாள் இறங்கியபோது அஞ்சினாரா என்று நாம் கேட்டதே இல்லை. முப்பது வயது கடந்த பிறகு, அதுவும் தீவொன்றிலிருந்து, கேட்க நேர்ந்தது.

"பயப்படாமல் என்ன? இரவு ஷிப்டுதான் எனக்கு முதல் ஷிப்டு" என்றார். "கேஜ் விழுகிற மாதிரி இறங்கிற்று. காது அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, 'தம்பி, விளக்கு எரிகிறதா? பாட்டரி வார் இறுக்கமாக இருக்கிறதா? டோக்கன் கொடுத்தாயா? எச்சிலை விழுங்கு, காது திறக்கும்' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொல்லி முடிப்பதற்குள் கேஜ் நின்றுவிட்டது. புதிதாய் வருகிற எல்லாரிடமும் அவர் அதையேதான் கேட்பார் என்று ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நீயும் அப்படியே செய்யடா. சும்மா நிற்காதே, ஒவ்வொன்றாய்ப் பார்."

வியப்பு என்னவெனில், மறுநாள் பயிற்றுநர் கற்பித்ததும் ஏறக்குறைய அந்த மேஸ்திரியின் பாடமே. இரவில் இறங்கப் போகும் இடத்தில் அன்று பிற்பகலிலேயே ஒருமுறை மூழ்க வைத்தார். எந்தப் பாறை எங்கே இருக்கிறதென்று மனம் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக. ஆளுக்கு இரண்டு விளக்கு. ஒன்று அணைந்தால் மற்றொன்று. காற்றுக் கலத்தின் தலையில் சிறு ஒளிக்குச்சி ஒன்றைக் கட்டினார். துணைவன் நம்மைத் தவறவிடக் கூடாதல்லவா? விளக்கால் வட்டம் போட்டால் 'நலம்'. பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் 'என்னைக் கவனி'. கட்டை விரலை உயர்த்தினால் அந்நொடியே இருவரும் மேலேற வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்கலாகாது. சுரங்கத்தில் மணியடித்துப் பேசிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் புதுமொழியாகத் தோன்றவில்லை.

அந்தமானில் கதிரவன் விரைந்து மறைபவன். ஆறு மணிக்கெல்லாம் படகைச் சுற்றி மை கொட்டியதுபோல் ஆயிற்று. பலகையில் அமர்ந்திருந்தபோது கை சில்லிட்டது. விளக்கு, வார், கலத்தின் திருகு, அளவுமானி என்று எண்ணினோம். எண்ணி முடித்ததும் மீண்டும் முதலிலிருந்து எண்ணினோம். அருகிலிருந்த தம்பி, "எத்தனை தடவை அண்ணா?" என்று சிரித்தான். சிரித்தவனுடைய விரல்களும் நடுங்குவதைக் கண்டோம். உண்மையைச் சொன்னால், அப்போதுதான் நமக்குச் சற்று உயிர் வந்தது.

நங்கூரக் கயிற்றைப் பற்றியபடி மெல்ல இறங்கினோம். ஐந்து மீட்டரில் காது வலித்தது. ஒரு மீட்டர் மேலேறி, மூக்கைப் பிடித்து ஊதி, எச்சிலை விழுங்கினோம், திறந்துகொண்டது. மூன்று கிலோமீட்டர் சுரங்கத்தில் இறங்கினாலும் காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்குதான் ஆகும். கடலோ பத்தே மீட்டரில் அதை இரட்டிப்பாக்கிவிடும். மேஸ்திரியின் வைத்தியம் அங்கும் பலித்தது.

அளவுமானியைப் பார்த்தபோது திடுக்கிட்டோம். 200இல் தொடங்கிய முள் எட்டு நிமிடத்தில் 160க்கு வந்திருந்தது. அஞ்சுகிறவன் மூச்சை அள்ளி அள்ளிக் குடிக்கிறான். கலம் விரைவில் காலியாகிறது. அதைக் கண்டு இன்னும் அஞ்சுகிறான். பயிற்றுநர் நம் முன் வந்து, உள்ளங்கையை மெல்லத் தாழ்த்திக் காட்டினார். மணலில் முழங்காலிட்டு, நான்கு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விட்டோம். மூச்சை அடக்கக் கூடாது. நீட்டி விட வேண்டும். பத்துப் பன்னிரண்டு மூச்சில் நெஞ்சு அடங்கியது.

அதன் பிறகே கண் திறந்தது எனலாம். பகலில் கடல்நீர் சிவப்பை விழுங்கிவிடுவதால் ஆழத்தில் எல்லாம் நீலச் சாம்பலாகவே தெரியும். இரவில் விளக்கு அருகிலிருந்து விழுவதால் உண்மை நிறம் வெளிப்படுகிறது. பகலெல்லாம் கல்லாகக் கிடந்த பவளத்தில் கணக்கற்ற சிறு கைகள் விரிந்து இரை தேடின. கிளிமீன் ஒன்று தானே சுரந்த மெல்லிய படலத்துக்குள் கொசுவலைக்குள் படுத்தது போல் உறங்கிற்று. கடைசியாக, விளக்குகளை மார்போடு அணைத்து ஒளியை மறைக்கச் சொன்னார். இருள் முழுமையாயிற்று. கையை அசைத்தால் விரலிடுக்கில் நீலப் பொறிகள்! நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சிந்தும் ஒளி அது. 1965இல் நம் சாம்பியன் ரீஃபில் ஏறக்குறைய 7,600 அடி ஆழத்தில் கருவிகளை வைத்து, வானத்துக் கதிர்களால் பிறக்கும் நியூட்ரினோக்களை அறிவியலார் கண்டறிந்தது நினைவுக்கு வந்தது. மேலே இருக்கும் கதிர்களின் இரைச்சல் எட்டாத இடமாக வேண்டுமென்று அவர்கள் தேடி வந்த இருட்டு, நம் தந்தையார் தினமும் வேலைக்குப் போன இருட்டு.

நாற்பது நிமிடம் கழித்துப் படகேறினோம். ஈரம் துவட்டுமுன் தந்தையாரை அழைத்தோம்.

"எவ்வளவு ஆழம் போனாய்?"

"நாற்பது அடி, அப்பா."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நாற்பது அடியா!" என்று சிரித்தார். "எங்களுக்கு அது கேஜ் புறப்படுகிற சத்தம் கேட்டு முடிகிற தூரம். சரி, தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்."