கீற்று போனது, கூலி?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந் தேதி பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகி மாண்டனர். அதன்பின் பள்ளிகளில் ஓலைக்கூரையை அகற்ற தமிழக அரசு உத்தரவிட்டது. சரியான உத்தரவுதான்.

2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கத் திட்டம் வந்தது. 2024-ல் மேலும் 8 லட்சம் வீடுகள் அறிவிக்கப்பட்டன, வீட்டுக்கு ரூ.3½ லட்சம். ஒழுகும் குடிசையில் கிடந்தவருக்கு நல்ல காலமே.

ஆனால், தென்னை மட்டையை ஊறப்போட்டுக் கீற்று முடைந்த பெண்களின் கதி என்ன? சில ஆண்டுகளுக்கொருமுறை கூரை பிரித்து வேய்ந்து பிழைத்தவர் எங்கே போவார்? நம்மைப் போல் பெங்களூருக்கு ரெயிலேறி, சாரத்தில் நின்று செங்கல் தூக்கத்தான் வேண்டும். குடிசை இருந்த இடத்தில் எழும் வீட்டுக்குக் கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் அவர்களையே பழக்கி, அந்தக் கூலியை அவர்களுக்கே கொடுத்தால் என்ன?