குருதியின் சாட்சியும் வளர்த்தவளின் உரிமையும்

இப்பத்தியைத் தவறாது வாசித்து வரும் அன்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்திருந்தார். "மாஸ்ரர், பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு டி.என்.ஏ. சோதனை செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சம்மதிப்பதா, மறுப்பதா?" என்பது அவரது வினா. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை பகர முடியவில்லை. எமது குடும்பங்கள் பலவற்றின் கதவை ஏதோ ஒரு காலத்தில் தட்டிய, இனியும் தட்டவிருக்கும் வினா இது. ஆகவே இவ்வாரப் பத்தியை அதற்கே ஒதுக்குகின்றேன். இங்கு நான் கூறுவன யாவும் எனது சொந்தக் கருத்துக்களே. சட்ட ஆலோசனை அல்ல.

சோதனையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சு முனையினால் தடவி எடுத்தாலே போதுமானது. ஒவ்வொருவரும் தமது மரபணுவிற் சரிபாதியைத் தாயிடமிருந்தும் மறுபாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றனர். எனவே பெற்றாருடையதையும் பிள்ளையுடையதையும் குறித்த சில இடங்களில் ஒப்பிட்டால் உறவு உண்டா, இல்லையா என்பது தெரிந்துவிடும். தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவானது பாதி. தாயின் உடன்பிறந்தாளுக்கும் அப்பிள்ளைக்கும் பொதுவானது ஏறக்குறையக் காற்பங்கு. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இவ்விடத்திற்கே மீண்டும் வருவோம்.

இச்சோதனையைக் கண்டறிந்தவர் பிரித்தானியாவின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரிஸ் என்னும் விஞ்ஞானி, ஆண்டு 1984. கொலைகாரரைப் பிடிப்பதற்கே இது முதலிற் பயன்பட்டது எனப் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதுவன்று. 1985இல் இது முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு குடிவரவு வழக்கிலேயே. பிரித்தானியாவிற் பிறந்து, கானா நாட்டிலிருந்த தந்தையிடம் சென்று, பின்னர் தாயிடம் திரும்பி வந்த சிறுவன் ஒருவனை அதிகாரிகள் நம்ப மறுத்தனர். கடவுச்சீட்டிற் சூழ்ச்சி நடந்திருப்பதாகவும், வந்திருப்பவன் அப்பெண்ணின் மகனல்லன் என்றும் ஐயுற்றனர். அக்காலத்து இரத்தப் பரிசோதனை, இருவரும் உறவினர் என்ற அளவில் நின்றுவிட்டது. அவள் தாயா, அன்றித் தாயின் சகோதரியா என்பதை அதனாற் கூற முடியவில்லை. ஜெஃப்ரிஸ் அச்சிறுவனது மரபணுவைத் தாயினதும் உடன்பிறந்தோரதும் மரபணுவுடன் ஒப்பிட்டார். அவள் தாயே என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது, வழக்குக் கைவிடப்பட்டது. ஏழைத் தாயொருத்தியின் கண்ணீரைத் துடைப்பதற்கே இந்த விஞ்ஞானம் முதன்முதலில் உலகிற்கு வந்தது என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

எமது மண்ணிலும் அத்தகையதொரு நிகழ்வு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சூறையாடியபோது, பால்மணம் மாறாத குழந்தையொன்று இடிபாடுகளிடையே உயிருடன் கண்டெடுக்கப்பட்டுக் கல்முனை வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டது. அன்று அங்கு சேர்க்கப்பட்ட 81ஆவது நோயாளியாதலால் 'குழந்தை 81' என்ற பெயரில் அதனை உலகமே அறிந்தது. ஒன்பது தாய்மார் உரிமை கோரியதாகச் செய்திகள் பரவின. எனினும் முறைப்படி நீதிமன்றத்தை நாடியவர்கள் ஒரு தம்பதியினரே. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் அவர்களே பெற்றார் என உறுதியாகிக் குழந்தை தாயின் மடிக்குத் திரும்பியது. பத்திரங்கள் அனைத்தையும் கடல் கொண்டுபோன பின்னரும் உடல் தன் பத்திரத்தைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது.

நிற்க. மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும்.

எனக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்று. கணவர் முதலில் வந்து, நீண்ட காத்திருப்பின் பின் அகதி அந்தஸ்துப் பெற்று, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைக்க விண்ணப்பித்தார். மூத்தவனுக்கு அப்போது பதினான்கு வயது. அவன் அப்பெண்மணியின் வயிற்றிற் பிறந்தவனல்லன். அவளது அக்காவின் மகன். 2009இல், வன்னியில், அக்காவும் அத்தானும் ஒரே நாளில் எறிகணைக்குப் பலியாகினர். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் சித்தி. முகாமிற் பெயர் பதிந்தபோது "யாருடைய பிள்ளை?" என்று கேட்டார்கள். "என்னுடைய பிள்ளை" என்றாள். பின்னர் காலங்கடந்த பிறப்புப் பதிவிலும் அவ்வாறே எழுதப்பட்டது. அதில் வஞ்சகம் ஏதும் இருக்கவில்லை. அவளுக்கு அதுவே உண்மையாக இருந்தது. பையனும் அவளையே தாயென அறிந்து வளர்ந்தான்.

சோதனை கேட்கப்பட்டது. மறுத்தால் ஐயம் வலுக்கும் என அஞ்சிச் சம்மதித்தனர். முடிவு வந்தது: இரண்டு பிள்ளைகள் இவர்களுடையவர்கள், மூத்தவன் இப்பெண்ணின் மகனல்லன், நெருங்கிய இரத்த உறவினனாக இருக்கலாம். மூவருக்கு அனுமதி, ஒருவனுக்கு மறுப்பு. பொய்த் தகவல் வழங்கியதாக ஓர் எச்சரிக்கையும் உடன் வந்தது. அக்கடிதத்தைப் பொருள் விளங்காது வாசித்துக் காட்டும்படி பையனிடமே கொடுத்தார்கள். தன் தாய் தன் தாயல்லள் என்பதை அப்பிள்ளை ஓர் அலுவலகக் கடிதத்தின் மூன்றாவது பந்தியில் அறிந்துகொண்டான்.

1985இல் விஞ்ஞானம், "இவள் சித்தியல்லள், தாய்" என்றது, கதவு திறந்தது. இங்கு, "இவள் தாயல்லள், சித்தி" என்றது, கதவு மூடிற்று. இரு இடத்திலும் விஞ்ஞானம் பொய் கூறவில்லை. கேட்ட கேள்விக்கு உரிய விடையையே அது தந்தது. பிழை கேள்வியில் இருந்தது. "இவனைப் பெற்றவள் யார்?" என்று கேட்டார்கள். "இவனுக்குத் தாயாக இருப்பவள் யார்?" என்று கேட்க ஒருவருமில்லை.

அதிகாரிகளின் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் தகாது. பிள்ளை என்ற பெயரிற் பிறரை அழைத்து வரும் மோசடிகள் நடந்ததுண்டு. 2008இல் அமெரிக்கா, கென்யா முதலிய ஆபிரிக்க நாடுகளிலிருந்த அகதிகளிடம் இச்சோதனையை நடத்தியபோது, பெரும்பாலான விண்ணப்பங்களிற் கூறப்பட்ட இரத்த உறவுகளை முழுமையாக உறுதிப்படுத்த முடியவில்லை. அதனால் அந்தக் குடும்ப இணைவுத் திட்டமே நிறுத்தப்பட்டு, 2012இலேயே, சோதனையைக் கட்டாயமாக்கிய பின்னர், மீண்டும் தொடங்கப்பட்டது. ஆயின் ஒன்றை நோக்க வேண்டும்: சோதனைக்கு வராதோரும் அக்கணக்கில் அடங்குவர். போரில் அநாதையான அயலான் பிள்ளையைத் தன் பிள்ளையென வளர்த்தவர்களும் காசுக்குப் பிள்ளை சேர்த்தவர்களும் அக்கணக்கில் ஒரே நிரலிலேயே நின்றனர். பிரித்தறிய ஆய்வுகூடத்தால் இயலாது. அதற்கு மனிதர் வேண்டும். மனிதரின் விசாரணை வேண்டும்.

இதனை அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் உணர்ந்திருக்கின்றது. 2008 யூனில் அது வெளியிட்ட வழிகாட்டற் குறிப்பு, ஏனைய சான்றுகள் யாவற்றையும் ஆராய்ந்த பின்னரும் கடும் ஐயம் எஞ்சினால் மாத்திரமே மரபணுச் சோதனையை நாட வேண்டும் எனவும், இரத்த உறவு இல்லை என்ற முடிவு மாத்திரமே மோசடிக்குச் சான்றாகாது எனவும் கூறுகின்றது. நல்ல வார்த்தைகள். அலுவலக மேசைகளை அவை எட்டுவதற்கே காலம் பிடிக்கின்றது.

பிரான்சில் 2007இல் எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கலாம். குடும்ப இணைவு விசாவுக்கு மரபணுச் சோதனையை அனுமதிக்கும் திருத்தம் பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்டபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு பிரெஞ்சுக்காரன் தன் பிள்ளை தன்னுடையதா என்று தானாகவே சோதித்துப் பார்க்க முடியாது. நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும்; மீறினால் தண்டப்பணம் உண்டு. கணவன் பெற்றவனா என்று குருதியைத் துருவுவது குடும்பத்தின் அமைதியைக் குலைக்கும் என்பது அச்சட்டத்தின் உட்பொருள். அந்த அமைதி வெளிநாட்டான் வீட்டிற்கு மாத்திரம் வேண்டாமா? என்று கேட்டனர் பலர். ஈற்றிற் சோதனை தாயுடனான உறவுக்கு மாத்திரம், விரும்பினால் மாத்திரம், நீதிபதியின் அனுமதியுடன், அரசின் செலவில் என்று சுருக்கப்பட்டது. 2007 நவம்பரில் அரசியலமைப்பு மன்றமும் நிபந்தனைகளுடன் ஏற்றது. எனினும் நடைமுறைக்கான ஆணையில் ஒப்பமிட 2009இல் அமைச்சர் மறுத்துவிட, அவ்விதி ஒரு நாளேனும் செயற்படாமலே மறைந்தது.

பிரித்தானியாவில் நடந்தது வேறு. அங்கே சட்டத்தில் அதிகாரமே இல்லாதபோதும் சில விண்ணப்பதாரரிடம் உள்துறை அமைச்சு இச்சோதனையைக் கட்டாயமாகக் கேட்டு வந்தது. பாதிக்கப்பட்டோரில் அந்நாட்டுப் படையிற் பணியாற்றிய கூர்க்காக்களின் பிள்ளைகளும், ஆப்கானிஸ்தானில் அப்படைக்கு உதவியவர்களும் இருந்தனர். 2018 ஒக்ரோபரில் உள்துறை அமைச்சர் சாஜிட் ஜாவிட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு: அலுவலகத்தின் கடிதத்தில் உள்ளதெல்லாம் சட்டம் அன்று.

உடலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் மரபணுவோடு நின்றுவிடவில்லை. தனியே வந்த சிறுவர்களின் வயதை அறிய மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-கதிரிற் படம் பிடிக்கின்றனர். அப்படத்தை ஒப்பிடுவதற்குப் பெரிதும் பயன்படும் ஏடு, 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியான வெள்ளையினப் பிள்ளைகளை அளந்து தொகுக்கப்பட்டது. முகாமிற் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளையின் எலும்பை அந்தப் பிள்ளைகளின் எலும்போடு வைத்துப் பார்த்தால் வயது எப்படித் தெரியும்? பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் 2019 மார்ச்சில் இச்சோதனையைத் தடைசெய்யாவிடினும், அதன் முடிவு மாத்திரம் போதாது, ஐயமெழுந்தால் அதன் பயன் சிறுவனுக்கே சேர வேண்டும் என்ற காப்புகளை வலியுறுத்தியது. அளவுகோல் யாருடையது என்று கேட்பது நன்றிகெட்ட செயலன்று. அது எமது உரிமை.

இன்னொன்று. இந்நாடுகளில் வளரும் எம் இளையோர் வேடிக்கைக்காகவும் பரிசாகவும் மரபணுச் சோதனைப் பெட்டி வாங்குகின்றனர். இத்தொழிலிற் பெயர்பெற்ற '23அன்ட்மீ' நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் வங்குரோத்தாகி, அதே ஆண்டில் வாடிக்கையாளரின் விபரங்களோடு கைமாறியது. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். மரபணுவை மாற்ற முடியுமா? அதிலும் அது ஒருவருடைய உடைமையன்று. நீங்கள் கொடுத்தால், ஊரிலிருக்கும் உங்கள் சகோதரத்தினுடையதிலும் பாதியைக் கேளாமலே கொடுத்தவராவீர்கள்.

இனி, தொலைபேசியில் அழைத்த அன்பருக்கு என் பதில். பிள்ளைகள் உங்கள் வயிற்றுப் பிள்ளைகளே எனில் சோதனை உங்களுக்குத் துணையே, தயங்க வேண்டாம். ஆயினும் கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் மூன்று வினாக்களுக்கு விடை பெறுங்கள்: இது கட்டாயமா, செலவு யாருடையது, மாதிரி எப்போது அழிக்கப்படும்? வளர்த்த பிள்ளை ஒன்று உண்டெனில், அதனை முதல் விண்ணப்பத்திலேயே உள்ளபடி எழுதுங்கள். பெற்றாரின் மரணச் சான்று, பாடசாலைப் பதிவு, அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டு, பழைய நிழற்படம் யாவற்றையும் திரட்டுங்கள். மறைத்த உண்மை ஆய்வுகூடத்தில் வெளிப்படும்போது பொய்யாகிவிடுகின்றது. நாமே முன்வந்து சொல்லும்போது அது சான்றாகின்றது. எல்லாவற்றிற்கும் முன்பாகப் பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கள். அடுப்படியிலோ முற்றத்திலோ உங்கள் வாயாற் கேட்க வேண்டிய செய்தி அது.

நான் கூறிய குடும்பம் மேன்முறையீடு செய்தது. பாடசாலை அதிபரின் கடிதமும் அம்மம்மாவின் சத்தியக் கடதாசியும் கிராம அலுவலரின் சான்றும் சமர்ப்பிக்கப்பட்டன. தாயோ அவனை விட்டு விமானம் ஏற மறுத்து அங்கேயே இருந்துவிட்டாள். மூன்று ஆண்டுகளின் பின் அனுமதி கிடைத்தது. விமான நிலையத்திற்கு நானும் சென்றிருந்தேன். உயர்ந்து வளர்ந்த பதினேழு வயதுப் பையன், தம்பி தங்கையரின் பொதிகளையும் தானே தள்ளிக்கொண்டு வந்தான். வாயிலில் நின்ற அலுவலர் பத்திரங்களைப் புரட்டி, பின்னால் வந்த பெண்மணியைக் காட்டி, "இவர் உனக்கு யார்?" என்று ஆங்கிலத்தில் வினவினார். பத்திரத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை அவன் நன்கு அறிவான்.

"அம்மா" என்றான். அலுவலருக்கு அச்சொல் புரிந்திருக்க வேண்டும். முத்திரையைக் குத்திவிட்டு வழிவிட்டார்.