படிப்பை ஜோசியனா தீர்மானிப்பது?

பன்னிரண்டாவது பரீட்சை முடிவு வந்த பிறகே "பிள்ளையை எதில் சேர்ப்பது?" என்று நம் ஜனங்கள் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். அதையும் சிலர் உபாத்தியாயரைக் கேட்பதில்லை, ஜோசியனைக் கேட்கிறார்கள். பிள்ளையின் விருப்பம் பிள்ளைக்குத் தெரியுமா, புதனுக்குத் தெரியுமா என்று கேட்கின்றோம்.

யோசிக்க வேண்டிய காலம் பத்தாவது தேறிய அன்றேயாகும். தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 2020 முதலும், இன்ஜினீயரிங், சட்டம், விவசாயம் முதலியவற்றில் 2021 முதலும் 100க்கு 7.5 இடம் ஒதுக்கப்பட்டு வருகிறது. பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும்கூட சர்க்கார் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நல்ல மார்க்கு வாங்கிய பிள்ளையை, ஊரார் மெச்ச வேண்டுமென்று கடன் வாங்கித் தனியார் பள்ளியில் தள்ளுகின்ற தகப்பன், அவ்வுரிமையையும் பணங்கட்டித் தொலைக்கிறான். பெண்ணாயிருந்தால், கல்லூரியில் படிக்கையில் மாதம் 1000 ரூபாய் தரும் 2022ஆம் வருஷத்துப் புதுமைப்பெண் திட்டமும் கூடவே போய்விடும். சொல்வாரில்லாமல் இப்படிக் கெட்ட குடும்பங்கள் கொஞ்சமல்ல.

டாக்டரும் இன்ஜினீயரும் ஆகாதவன் மனிதனல்ல என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. பத்தாவது தேறியவன் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்துவிட்டு, இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாமென்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே, ஊரில் படித்திருக்கும் தோழர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். விண்ணப்ப காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் உட்கார்ந்து, பெற்றோரையும் பிள்ளைகளையும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளையும், வரவழையுங்கள். ஜாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் தாலுகா கச்சேரியில் வாங்க அன்றே மனு எழுதிக் கொடுங்கள்.