வித்த டிராக்டருக்கு சாவியை நீயே வச்சிக்கிறது என்ன நியாயம்?

காசு கொடுத்து வாங்கின டிராக்டர் வாங்கினவனுக்குச் சொந்தமா, இல்லையா? கிறுக்குத்தனமான கேள்வின்னு நினைப்பீங்க. ஆனா அமெரிக்காவுல பத்து வருசத்துக்கு மேலா இதை வச்சுத்தான் சண்டை நடக்குது. கோர்ட்டு, சட்டசபைன்னு ஒரு இடம் பாக்கி இல்லை. நம்ம டீக்கடையில இதைப் பேசினா, "அவன் ஆயிரம் ஏக்கர்காரன், அவன் பாடு அவனுக்கு, நமக்கென்ன"ன்னு கேக்கிறாங்க. அந்த "நமக்கென்ன"வுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விசயம் இதுதான். ஜான் டீர் கம்பெனியோட பெரிய டிராக்டரும் அறுவடை மெஷினும் அங்க இப்ப பாதி இரும்பு, பாதி கம்ப்யூட்டர். எங்க பார்த்தாலும் சென்சார். ஒரு சென்சார் கோளாறு காட்டினா திரையில ஒரு நம்பர் வரும். சில கோளாறுக்கு இன்ஜின் தானா இழுவையைக் குறைச்சுக்கும், மாட்டுக்குக் கால்கட்டு போட்ட மாதிரி நகரும். விவசாயிக்கு எந்தப் பாகம் போச்சுன்னு தெரியும். கழட்டி மாட்டவும் தெரியும். ஆனா சில பாகத்தை மாட்டினாலும் வண்டி ஏத்துக்காது. டீலர்கிட்ட இருந்து ஆள் லேப்டாப்போட வந்து, "இது நம்ம பாகம்தான், ஏத்துக்கோ"ன்னு வண்டிக்குச் சொல்லணும். அந்த லேப்டாப்புல இருக்கிற சாப்ட்வேருக்குப் பேரு சர்வீஸ் அட்வைசர். முழு சாப்ட்வேர் டீலருக்கு மட்டும்தான். விவசாயிக்குக் கொடுக்கிறது கை கால் வெட்டின ஒரு பதிப்பு. டீலர் எப்ப வர்றானோ அப்பதான் வேலை, அவன் சொல்றதுதான் கூலி. மக்காச்சோளம் காஞ்சு நிக்கும், மழை வரும், அது அவன் கவலை இல்லை.

இது என் கற்பனை இல்லைங்க. 2025 ஜனவரி 15-ஆம் தேதி அமெரிக்க அரசோட வணிகப் போட்டி ஆணையமான எஃப்.டி.சி., இல்லினாய், மினசோட்டா ரெண்டு மாநிலத்தையும் சேர்த்துக்கிட்டு அந்தக் கம்பெனி மேல கேஸ் போட்டது. ரிப்பேர் கருவியைப் பூட்டி வச்சு, விவசாயியை டீலர் வாசல்ல நிக்க வச்சு, கூடுதல் காசு பறிக்கிறாங்கன்னுதான் குற்றச்சாட்டு. கம்பெனி மறுக்குது. கோர்ட்டு விவகாரம் கோர்ட்டோட இருக்கட்டும்.

இதுல எனக்குப் பொறுக்க முடியாதது அந்தக் கம்பெனியோட பூர்வீகம். ஜான் டீர் யாரு? ஒரு கொல்லர். 1837-ல இல்லினாய் மாநிலத்துல கிராண்ட் டிடூர்ங்கிற சின்ன ஊர்ல பட்டறை வச்சிருந்தார். அந்த ஊர் மண்ணு கறுப்பு மண்ணு, இரும்புக் கலப்பையில அப்பிக்கிட்டு விடாது. நாலு எட்டு ஓட்டினா நிறுத்திச் சுரண்டணும். களிமண்ணுல ஏரு ஓட்டினவனுக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும். அவர் மழமழன்னு தீட்டின எஃகுல கலப்பை செஞ்சார், மண்ணு வழுக்கிக்கிட்டுப் போச்சு. அதுலதான் கம்பெனியே வளர்ந்தது. எங்க ஊர்லயும் கொல்லர் இருந்தார். கொழு தேஞ்சா அடிச்சுத் தருவார், களத்துல அளந்து விடுற நெல்லுதான் கூலி. பக்கத்து ஊர்க் கொல்லர்கிட்ட போனாலும் அந்தக் கொழுவை அடிக்கலாம். "நான் செஞ்ச கொழுவை நான் மட்டும்தான் அடிப்பேன், வேற யாரு கை வச்சாலும் உழாது"ன்னு எந்தக் கொல்லராவது சொல்லியிருந்தா ஊரு அவரைச் சும்மா விட்டிருக்குமா?

2015-ல இவங்க சொன்னது அதைவிட மோசம். அமெரிக்காவுல 1998-ல வந்த ஒரு காப்புரிமைச் சட்டம், சாப்ட்வேர் பூட்டை உடைக்கிறதே குத்தம்னு சொல்லுது. சினிமாவும் பாட்டும் திருடுபோகக் கூடாதுன்னு கொண்டு வந்த சட்டம் அது. அதுல இருந்து டிராக்டருக்கு விலக்கு கேட்டப்ப, கம்பெனி காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? வண்டி ஓடுற காலம் வரைக்கும் அதை ஓட்டிக்க வாங்கினவனுக்கு அனுமதி இருக்காம். அனுமதி! சொந்தக் காசைக் கொட்டி, கடனுக்குக் கையெழுத்து போட்டு வாங்கினவனுக்கு ஓட்டிக்க அனுமதி. குத்தகைக்காரன்கிட்ட மிராசுதார் பேசின பேச்சு இது. அதே வருசம் அக்டோபர்ல விலக்கு கிடைச்சது, சரி. ஆனா பூட்டை உடைக்கலாம்னு சொன்னாங்களே தவிர, உடைக்கிற கருவியை யாரும் கையில கொடுக்கலை. அதனால 2017 வாக்குல, அமெரிக்க விவசாயிங்க உக்ரைன் பக்கத்துல இருந்து திருட்டு சாப்ட்வேர் வாங்கிப் போட்டு சொந்த டிராக்டரை ஓட்டுறாங்கன்னு பத்திரிகையில வந்துச்சு.

உக்ரைன்னதும் இன்னொண்ணு. 2022-ல ரஷ்யப் படை மெலிடோபோல் ஊரு டீலர்கிட்ட இருந்து 27 மெஷினைத் தூக்கிட்டுப் போச்சு. கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர் மதிப்பு. செச்சன்யா வரைக்கும் கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணப் பார்த்தா ஓடலை. தூரத்துல இருந்தே பூட்டிட்டாங்க. உலகமே கை தட்டுச்சு. திருடனுக்கு நல்லா வேணும்னு எனக்கும் சந்தோசம்தான். ஆனா திருடன்கிட்ட பூட்ட முடிஞ்ச வண்டியை உடையவன்கிட்டயும் பூட்ட முடியும்ல? தவணை ஒரு மாசம் தள்ளிப் போனவன் வண்டி? செய்றாங்கன்னு நான் சொல்லலை. அந்தச் சுவிட்ச் நம்ம கையில இல்லைங்கிறதுதான் என் பேச்சு.

கம்பெனி பக்கத்து வாதத்தையும் பார்த்துடுவோம். விவசாயி கையில முழுக் கருவியைக் கொடுத்தா புகைக் கட்டுப்பாட்டைக் கழட்டிப் போடுவான், பாதுகாப்பு போயிடும், எங்க ரகசியம் வெளிய போயிடும்னு சொல்றாங்க. புகைக் கட்டுப்பாட்டைக் கழட்டுறவன் அங்க இருக்கான்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா 2023 ஏப்ரல்ல கொலராடோ மாநிலம் போட்ட சட்டத்தைப் பாருங்க. விவசாய மெஷினுக்குன்னு அமெரிக்காவுல வந்த முதல் ரிப்பேர் உரிமைச் சட்டம் அது, 2024 ஜனவரி முதல் அமல். டீலருக்குக் கொடுக்கிற புத்தகம், பாகம், சாப்ட்வேர் எல்லாத்தையும் நியாயமான விலைக்கு விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்கணும். புகைக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்பையும் முடக்க அனுமதி இல்லை, தொழில் ரகசியத்தைக் கொடுக்கவும் வேண்டாம். அவங்க சொன்ன மூணு சாக்குக்கும் ஒரே சட்டத்துல பதில் இருக்கு.

அந்தச் சட்டத்துக்கு மூணு மாசம் முன்னாடி கம்பெனி அங்க இருக்கிற பெரிய விவசாயச் சங்கத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டது. நாங்களே ரிப்பேர் வசதி தர்றோம், பதிலுக்கு நீங்க மாநிலங்கள்ல சட்டம் கேக்குறதை ஆதரிக்கக் கூடாது. பொங்கலுக்கு வேட்டி கொடுத்து கூலி உயர்வு கேக்காதேன்னு சொல்ற மாதிரி.

இப்ப "நமக்கென்ன"வுக்கு வர்றேன். 2023 ஜனவரியில இருந்து நம்ம நாட்டுலயே 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள டிராக்டருக்குப் புதுப் புகை விதி வந்தாச்சு. அதோட இன்ஜினுக்குள்ள கம்ப்யூட்டரும் வந்தாச்சு. எந்தக் கம்பெனியா இருந்தாலும் போக்கு அதுதான். பழைய டிராக்டர்னா நம்ம பட்டறை மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே நாசில்னு சொல்லிடுவார். கம்ப்யூட்டர் காட்டுற நம்பரை அவர் எந்தக் காதால கேப்பார்?

அமெரிக்காக்காரனுக்கு ஒரு மெஷின் நின்னா அவன் ஒருத்தன் நட்டப்படுவான். எங்க டெல்டா பக்கம் சம்பா அறுவடைக்கு வர்ற மெஷின் எல்லாம் மணிக்கணக்கு வாடகை. ஒரு மெஷினை நம்பி ஒன்னு ரெண்டு ஏக்கர்காரன் அம்பது பேரு வரிசையில நிப்பான். ராத்திரி பத்து மணிக்கு பெல்ட் அறுந்தாலும் மெக்கானிக் பைக்குல வந்து டார்ச் வெளிச்சத்துல மாட்டிட்டுப் போறார், விடிஞ்சதும் அடுத்த வயல். அந்த இடத்துல "லேப்டாப் ஆள் வர நாலு நாளாகும்"னு ஒரு பதில் வந்தா, மாசியில ஒரு மழை பேஞ்சா, சாஞ்ச கதிரு வயல்லயே முளைச்சுடும். சின்ன விவசாயிக்குத்தாங்க இந்தப் பூட்டு பெரிய அடி.

சின்னதா ஏற்கெனவே ஆரம்பிச்சும் ஆச்சு. பக்கத்து வயல்காரர் போன்ல மோட்டார் போடுற ஸ்டார்ட்டர் பெட்டி வாங்கினார். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை, கம்பெனிக்காரன் ஆப்பை நிறுத்திட்டான். இப்ப அவர் பழையபடி ராத்திரி பாம்புக்குப் பயந்துக்கிட்டு வரப்புல நடந்து போறார்.

டெல்லியில தெரியாம இல்லை. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டது. எடுத்துக்கிட்ட நாலு துறையில விவசாய இயந்திரமும் ஒண்ணு. அந்த வருசம் டிசம்பர்ல ஒரு இணையதளமும் திறந்தாங்க. இணையதளம் தகவல் சொல்லும், பூட்டைத் திறக்குமா? கொலராடோ மாதிரி ஒரு சட்டம் இங்கயும் வேணும்.

சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் மானியம் கொடுக்கிறது அரசாங்கம். வேளாண்மைப் பொறியியல் துறையே மெஷின் வாங்கி வாடகைக்கு விடுது. மக்கள் வரிப்பணம் போற மெஷினுக்கு, கோளாறு பார்க்கிற கருவியை வெளி மெக்கானிக்குக்கும் விக்கணும்னு ஒரு வரி நிபந்தனை போட என்ன தடை? அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல இதை மனுவாக் கொடுக்கப் போறேன். மனு எழுதினதும் இங்கயே போடுறேன், எடுத்துக்கிட்டு உங்க மாவட்டத்துலயும் கொடுங்க.

புது வண்டி பார்க்கப் போறவங்க டீலர்கிட்ட இதைக் கேளுங்க: கோளாறு நம்பர் வந்தா எங்க ஊர் மெக்கானிக் பார்க்க முடியுமா, அதுக்குக் கருவி விப்பீங்களா, பாகம் மாத்தினா உங்க ஆளு வந்துதான் ஆகணுமா? வாயால சொல்றதை பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. யாராவது கேட்டிருந்தா, டீலர் என்ன சொன்னார்னு கீழ எழுதுங்க.