கடல் கடந்தால் கை மறந்துவிடுமா?

12 ஆண்டுகள் நம் சாலைகளில் காரோட்டியவர் என் பெரியப்பா மகன். இன்று பிரிட்டனில் தம் காரில் சிவப்பு ‘எல்’ அட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார். அதுவும் தனியே ஓட்டக்கூடாதாம். 21 வயது நிறைந்து, 3 ஆண்டுகளாக உரிமம் வைத்திருப்பவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கவேண்டும்.

அங்கே குடியேறிய நாள்முதல் 12 மாதங்கள்வரை இந்திய உரிமம் செல்லும். பிறகு அது வெறும் அட்டைதான். ஆனால் கனடா, தென்கொரியா, ஜிம்பாப்வே நாட்டு உரிமங்களை, குடியேறிய 5 ஆண்டுகளுக்குள், ஓட்டுநர் தேர்வின்றியே பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. கனடாவிலும் கொரியாவிலும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன! இடப்பக்கம் ஓட்ட நமக்குப் பழக்கியவர்களோ நம்மை ஒதுக்குகிறார்கள். பன்னிரண்டாம் மாதம் நன்றாக ஓட்டியவருக்குப் பதின்மூன்றாம் மாதம் கை மறந்துவிடுமா?

கோபம் வருவது இயல்பே. எனினும், நம் ஊர்த் தேர்வை எண்ணும்போது என் குரல் தாழ்ந்துவிடுகிறது. சென்ற ஆண்டு நான் மைதானத்தில் காலூன்றாமல் ‘எட்டு’ போட்டு இருசக்கர உரிமம் பெற்றேன். சாலையில் ஒரு கெஜ தூரமும் ஓட்டிக் காட்டவில்லை. அங்கோ, 50 வினாக்களில் 43க்குச் சரியான விடை தரவேண்டும். அபாயத்தை முன்கூட்டியே உணர்கிறோமா என்றும் சோதிக்கிறார்கள். அதன்பின் சாலையில் சுமார் 40 நிமிட ஓட்டம். முதலில் நம் தேர்வு மைதானத்தைவிட்டுச் சாலைக்கு வரட்டும். பிறகு பட்டியலில் இடம் கேட்போம், உரிமையோடு!

அண்ணன் முதல் முறை தேறவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினாராம். “என்ன செய்ய, தம்பி! இத்தனை வருஷமும் ஹாரனை நம்பியே ஓட்டிவிட்டேன்” என்றார் தொலைபேசியில்.